அடியீரம், வளியீரம், தேங்கீரம்: மரவாழ் டரான்டுலா வளர்ப்புக்குச் சில கலைச்சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மரத்தில் வாழும் பெருஞ்சிலந்திகளான மரவாழ் டரான்டுலாக்களின் வளர்ப்புக் குறிப்புகளில் 'ஈரப்பதம் 80%' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மண்ணின் ஈரமா, காற்றின் ஈரமா? படிப்பவர் அந்த எண்ணை எட்டக் காலையும் மாலையும் தெளிப்பானை அழுத்துகிறார். எண் இறங்காமலிருக்கக் காற்றுத்துளைகளை டேப் ஒட்டி அடைக்கிறார். காரிபெனா வெர்சிகலர் என்ற மரவாழ் இனத்தின் குஞ்சுகளை இழப்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் வெளிவரும்.

நம் கலைச்சொல் பட்டியலில், பெட்டியடியில் இடும் நார்த்தூளின் ஈரத்தை 'அடியீரம்' என்றும், காற்றிலுள்ள நீராவியை 'வளியீரம்' என்றும் பிரிக்கப் பரிந்துரைக்கிறேன்.

நம் கைக்குள் இருப்பது அடியீரம்தான். 20×20×30 செ.மீ. பெட்டிக்கு 5 முதல் 7 செ.மீ. கனத்தில் தேங்காய் நார்த்தூள் போதும். மேலே தெளிக்காமல் ஒரு மூலையில் மெல்ல ஊற்றினால் நீர் அடியில் பரவும், மேற்பரப்பு காய்ந்தே இருக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்கவேண்டும். நீர் சொட்டினால் மிகை. வளர்ந்த சிலந்திக்கு எப்போதும் நீர்க்கிண்ணம், குஞ்சுக்கு வலையோரம் இரண்டு மூன்று சொட்டு. சிலந்தி தனக்கு வேண்டிய நீரைக் குடித்தும் இரையிலிருந்தும் பெறுகிறது. வயிறு சுருங்கியிருந்தால் முதலில் பார்க்கவேண்டியது கிண்ணத்தை, காற்றின் ஈரத்தை அளக்கும் மானியை அல்ல.

*

ஐயா, வணக்கம்.

அடியீரம் அருமை, ஏற்கிறேன். வளியீரம் மட்டும் போதாது.

25 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவி தாங்கும். 20 பாகையில் 17 கிராம்தான். பகலில் 25 பாகையில் 80% காட்டிய பெட்டியின் கண்ணாடி இரவில் 20 பாகைக்கு இறங்கினால் நீர் பூத்துவிடும். யாரும் ஒரு சொட்டுகூட ஊற்றியிருக்க மாட்டார்கள். மலிவான முள் மானிகளையும் அப்படியே நம்பக்கூடாது. மூடியளவு உப்பைச் சில சொட்டு நீரில் குழைத்து, மானியுடன் காற்றுப்புகாத பையில் 12 மணிநேரம் வைத்துப் பாருங்கள். 75% காட்டவேண்டும்.

வெர்சிகலரின் தாயகமான மார்தினிக் என்ற கரீபியத் தீவில் மழை மிகுதி. ஆனால் வடகிழக்கு வணிகக்காற்று அங்கே மரக்கிளைகளைச் சும்மா விடுவதில்லை. காற்று ஈரமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பெட்டியில் நகராமல் நிற்கும் ஈரம் வேறு சங்கதி: பூஞ்சை, உண்ணி, ஈப்புழு எல்லாம் அதில்தான் பெருகும். அதைப் 'புழுக்கம்' என்போமே? தமிழில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

*

வணக்கம் அம்மா.

புழுக்கம் அழகான சொல்தான், ஆனால் அதில் வெப்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏசி அறையில் 22 பாகையில் இருக்கும் பெட்டியில் புழுக்கம் என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். சிக்கலோ அங்கேயும் அதேதான். 'தேங்கீரம்' என்றால் குற்றம் எங்கே என்பது தெளிவாகிவிடும். பரிகாரமும் கூடவே வரும்: ஒரு பக்கச் சுவரில் அடியில் ஒரு வரிசைத் துளை, எதிர்ச்சுவரில் மேலே ஒரு வரிசை. மூடியில் மட்டும் துளையிட்டால் அடிக்காற்று அசையாது. துளை சிலந்தியின் தலைமார்பைவிடச் சிறியதாக இருக்கட்டும். ஊற்றிய மறுநாளும் கண்ணாடியில் நீர் பூத்திருந்தால் அது தேங்கீரம். துளையைக் கூட்டுங்கள், நீரைக் குறையுங்கள்.

ஒரு திருத்தம். பொசிலோதீரியா என்ற மரவாழ் டரான்டுலாப் பேரினத்தின் இனங்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இந்தியாவிலும் இலங்கையிலும் அவை மரப்பொந்துக்குள் வாழ்பவை; 2012இல் வட இலங்கையின் மாங்குளத்திலிருந்து விவரிக்கப்பட்ட பொசிலோதீரியா ராஜேயியும் அப்படித்தான். பொந்தின் உட்காற்று வெளிக்காற்றைப்போல விரைவில் உலராது. ஆகவே வளியீரம் என்ற பதிவின்கீழ் 'பொந்து வளியீரம்', 'பெட்டி வளியீரம்' என்று இரு உட்பதிவுகள் வேண்டும். மானியைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுச் சிலந்தி இருக்கும் தக்கைப்பட்டைக் குழாயின் உட்புறத்தைப் பற்றிப் பேசுவது அதன்பிறகாவது குறையட்டும்.

நார்த்தூள், மண், இலைச்சருகு எல்லாவற்றுக்கும் பொதுவாக 'அடியிடை', 'இடுபரப்பு' என்று இரு பெயர்கள் முன்வந்துள்ளன. அடியீரத்தோடு இணைவதால் என் வாக்கு அடியிடைக்கு. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.