கிட் ஸ்டாஷ்: பாதியில் ஒதுக்கி வைத்த கோட், மறக்க முடியாத அனுபவங்கள்

கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். முடியாத வேலையை அதில் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பதுதான் ஸ்டாஷ். அதில் பட்ட அனுபவங்களை நாலு பேர் எழுதியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து:

புது வேலையில் சேர்ந்தபோது, விலகிப் போனவருடைய லேப்டாப்பையே எனக்குத் தந்தார்கள். அதிலிருந்த கோட் போல்டரில், ஒதுக்கி வைத்தவற்றைக் காட்டும் ஸ்டாஷ் லிஸ்ட் கட்டளையை அடித்தேன். வரிசையாக வந்தது, எல்லாமே வெறும் 'டபிள்யூ.ஐ.பி ஒன் மெயின்' (மெயின் கிளையில் முடியாத வேலை என்று கிட் தானாக வைக்கும் பெயர்). ஒன்றில் மட்டும் கையால் எழுதிய குறிப்பு இருந்தது: 'தமிழ்ப் பெயர் தேடல், முடியவில்லை'.

திறந்து பார்த்து அப்படியே இருந்துவிட்டேன். கோபாலன், யோகேஸ்வரி போன்ற பெயர்களைத் தேடினால் சில வேளை வராது என்று வாடிக்கையாளர்கள் நெடுநாளாக முறையிட்டு வந்தார்கள். யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அவர் அதைக் கண்டுபிடித்துப் பாதி சரிசெய்தும் இருந்தார். ஸ்டாஷ் என்பதால் சேர்வருக்குப் போகவே இல்லை, ஒருவருக்கும் தெரியவில்லை. லேப்டாப்பைப் போர்மட் பண்ணித் தந்திருந்தால் அதோடு போயிருக்கும்.

அப்படியே அப்ளை பண்ணினால் (திரும்பச் சேர்த்தால்) இப்போதைய கோடோடு மோதி கொன்ஃபிளிக்ட் வரும் என்று 'ஸ்டாஷ் பிராஞ்ச்' அடித்தேன். அது ஸ்டாஷ் எடுத்த அதே கொமிட்டிலிருந்து, அதாவது பதிவிலிருந்து, கோடின் புதுக் கிளை போடும், மோதலே வராது. முடித்து, ஆசிரியராக அவர் பெயரையே போட்டுக் கொமிட் செய்தேன். அவர் இப்போது கனடாவில். அவருக்கு இது தெரியுமா என்பதுதான் இன்னும் மனதில் கிடக்கிறது.

கொக்குவிலிலிருந்து:

2022 மின்வெட்டுக் காலம். இரவு தம்பி முறையான ஒருவன் போன் எடுத்தான். "அண்ணை, பொப் எண்டு நினைச்சு ட்ரொப் அடிச்சிட்டன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுக்க அதுக்குள்ளதான். பற்றரியும் முடியப்போகுது, லேப்டாப்பை நிப்பாட்டப் போறன்."

"நிப்பாட்டாதை! ரெர்மினலை மூடாதை! கடைசி வரியை வாசி" என்று கத்திவிட்டேன்.

பொப் என்றால் ஸ்டாஷைத் திரும்ப எடுத்துத் தரும், ட்ரொப் என்றால் அழித்துவிடும். ஆனால் ட்ரொப் பண்ணும்போது அந்த ஸ்டாஷின் நீள இலக்கத்தைக் கிட் திரையில் காட்டும். அதைப் பிரதி எடுத்து ஸ்டாஷ் அப்ளையோடு போடச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "வந்திட்டுது அண்ணை" என்றான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ரெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கும் திரையை, மூடிவிட்டவர்கள், எதுவும் சுட்டாமல் கிடப்பவற்றைக் காட்டும் 'எஃப்.எஸ்.சி.கே அன்ரீச்சபிள்' போட்டுத் தேடலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். யாருமே சுட்டாத பொருட்கள் இரண்டு வாரம் தாண்டினால், கிட் குப்பை கூட்டும்போது அழிந்துவிடலாம்.

மானிப்பாயிலிருந்து:

திருநெல்வேலித் தம்பி செய்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் முடிக்காமல் வைத்ததற்குக் காரணம் இருக்கும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் பெயரில் கொமிட் போட்டது தவறு. என்னோடு வேலை செய்த ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கிய கோடை இன்னொருவர் எடுத்துப் போட்டு, விலைப்பட்டியல் முழுவதும் பிழையாகிவிட்டது. அவ்வளவுதான் என் கதை.

என்னைக் கேட்டால் ஸ்டாஷை ஐந்து நிமிட வேலைக்கு மட்டும் பாவியுங்கள். அதற்கு மேல் என்றால் தனிக் கிளை போட்டு, 'முடியவில்லை' என்று எழுதிக் கொமிட் செய்து சேர்வருக்குப் புஷ் பண்ணுங்கள். லேப்டாப் களவு போனாலும் கோட் இருக்கும். இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடந்தால் கிட்டின் வேர்க்ட்ரீ வசதியைப் பாருங்கள், 2015இலேயே வந்துவிட்டது. ஒரே ரிப்போவுக்கு (கோட் களஞ்சியத்துக்கு) இரண்டு போல்டர், எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்டாஷ்தான் வேண்டும் என்றால் 'ஸ்டாஷ் புஷ் மைனஸ் எம்' போட்டு ஒரு வசனமாவது எழுதுங்கள். வாரக் கடைசியில் லிஸ்டைப் பார்த்து வேண்டாததை எடுங்கள். பொப் பண்ணும்போது கொன்ஃபிளிக்ட் வந்தால் பயப்பட வேண்டாம், ஸ்டாஷ் அழியாது, லிஸ்டிலேயே இருக்கும். புதுப் பிள்ளைகளுக்கு யாரும் இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

சாவகச்சேரியிலிருந்து:

மானிப்பாய் அண்ணை, வேர்க்ட்ரீ நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு போல்டருக்கும் நோட் மொடியூல்ஸ் (ப்ராஜெக்டுக்குத் தேவையான துணைக் கோட்) தனியாக இறக்க வேண்டும். போன் டேட்டாவில் வேலை செய்கிற பிள்ளைக்கு அது கட்டாது. திருநெல்வேலித் தம்பி கேட்டிருக்கலாம் என்பது சரி. ஆனாலும் பெயரை மறைக்காமல் போட்டாரே, அதை நான் மதிக்கிறேன்.

எனக்கு மறக்காதது ஒரு கோட் ரிவியூ, அதாவது சேர்க்க முன் கோடைப் பார்ப்பது. கொழும்பிலிருந்து அவசரத் திருத்தம் கேட்டார்கள், எங்கள் பெடியன் அனுப்பினான். இரண்டு வரித் திருத்தத்தோடு தெரியாத ஒரு பைல் நின்றது. உள்ளே பரிசோதனைக்கு வைத்த டேட்டாபேஸ் கடவுச்சொல். "இது எப்பிடி வந்தது?" என்று கேட்டேன். "அக்கா, நான் ஸ்டாஷ் பண்ணிட்டுத்தானே கிளை மாறினன்!" என்று அழாத குறையாகச் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஒருமுறையும் கிட்டில் ஆட் பண்ணாத (சேர்க்காத) புதுப் பைல். அப்படியானதை வெறும் ஸ்டாஷ் தொடாது, போல்டரிலேயே விட்டுவிடும். பிறகு, போல்டரில் உள்ள எல்லாவற்றையும் சேர்க்கும் 'ஆட் டொட்' அடித்ததும் திருத்தத்தோடு ஏறிவிட்டது. ஸ்டாஷோடு மைனஸ் யூ சேர்த்திருந்தால் அதுவும் உள்ளே போயிருக்கும். மேர்ஜ் ஆக (முக்கிய கோடோடு இணைய) முன் பிடித்தோம், கடவுச்சொல்லையும் அன்றே மாற்றினோம்.