கமாண்டோக்களுக்குத் தனிச் சிலை எதற்கு?

கல்வெட்டு நேசன்:
ஸ்காட்லாந்தின் ஸ்பீன் பிரிட்ஜ் அருகே பென் நெவிஸ் மலையைப் பார்த்து நிற்கும் மூன்று வெண்கலக் கமாண்டோக்களை, அதாவது இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் அதிரடிப் படைவீரர்களை, ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். சிற்பி ஸ்காட் சதர்லாந்தின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கேள்வி வேறு. அந்த மலைநாட்டுப் பையன்கள் 51ஆவது ஹைலாண்ட் டிவிஷன் என்ற சாதாரணக் காலாட்படைப் பிரிவில் சேர்ந்து, 1940 ஜூனில் பிரான்சின் சென் வலேரியில் ஆயிரக்கணக்கில் பிடிபட்டு, ஐந்து ஆண்டுகள் கைதிகளாகக் கிடந்தார்கள். அவர்களுக்காக எந்தச் சுற்றுலா பஸ் நிற்கிறது? பொறுக்கியெடுத்த படைக்கு மட்டும் நெடுஞ்சாலையோரம் இத்தனை சிங்காரம்!

மலைமகள்:
சிங்காரமா? 1942 முதல் கமாண்டோ பயிற்சி நடந்ததே பக்கத்து அக்னகாரி கோட்டையில்தான். ஸ்பீன் பிரிட்ஜில் ரயிலைவிட்டு இறங்கியதும் முழுச் சுமையோடு ஏழு மைல் நடை. போய்ச் சேர்ந்தால் வாசலில் வரிசையாகப் பொய்க் கல்லறைகள். இவன் மலைமுகட்டில் தலையைக் காட்டினான், அதனால் செத்தான் என்று ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு. வந்து இறங்கியவனுக்கு வரவேற்பே அதுதான். சிலையை வேறெங்கே வைப்பது?

கல்வெட்டு நேசன்:
இடத்தை யார் மறுத்தார்கள்? பர்மாவில் 14ஆவது சேனையை நடத்திய ஜெனரல் ஸ்லிம், தேர்ந்த ஆட்களைச் சிறப்புப் படைகள் அள்ளிக்கொண்டால் மிச்சப் படையின் தரம் குறையும் என்றே வாதாடினார். களம் கண்டவர் சொன்னது.

பழைய சிப்பாய்:
நேசன் ஐயா, ஸ்லிம் பேசியது படை அமைப்பைப் பற்றி. செத்தவனுக்குக் கல் நடுவதோடு அதை ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? 1942 அக்டோபர் 18 அன்று ஹிட்லர் போட்ட உத்தரவைப் பாருங்கள்: கமாண்டோ சரணடைந்தாலும் கொல்ல வேண்டும். நார்வேயில் கிளோம்ஃபியோர்டு மின் நிலையத்தைத் தகர்த்துவிட்டுப் பிடிபட்ட ஏழு பேரை, அந்த உத்தரவு வந்த ஐந்தாம் நாளே ஜெர்மனியின் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள். சென் வலேரியில் பிடிபட்டவனுக்குப் போர்க்கைதி என்ற பெயராவது மிஞ்சியது.

கல்வெட்டு நேசன்:
அந்த ஏழு பேருக்காக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிலைக்குப் பக்கத்துத் தோட்டம்? பீடம் பேசுவது 1939-1945 போரை. தோட்டத்திலோ ஃபாக்லாந்து, ஈராக், ஆப்கானிஸ்தான் என்று பிற்காலப் போர்களில் இறந்தவர்களின் படங்கள், பூங்கொத்துகள், தூவிய அஸ்தி. எந்தப் போர் சரி, எந்தப் போர் தவறு என்ற கேள்வியே அங்கே அமுங்கிப்போகிறது.

மலைமகள்:
மகனின் படத்தோடு வரும் தாயிடம் அந்தக் கேள்வியை நீங்களே போய்க் கேளுங்கள். சிலையை 1952இல் திறந்தார்கள் என்பதற்காகப் பிறகு இறந்தவர்களுக்குக் கதவைச் சாத்திவிட முடியுமா?

கல்வெட்டு நேசன்:
தாயை முன்னால் நிறுத்தினால் நான் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். அது வாதம் ஆகாது. பிற்காலப் போர்களுக்கு வேறிடம் ஒதுக்க ஹைலாண்டில் நிலத்துக்கா பஞ்சம்?