குடும்பக் குழு: மீனு, சுண்டு செக்கப்

*ஞாயிறு*

அத்தை (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா): பூனை டாக்டரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. இரண்டுக்கும் வருஷ செக்கப்பாம். புரட்டாசி முடியட்டும், தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம். இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன.

சித்தி (டோங்காட்): அண்ணி, புரட்டாசிக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்? 😄

அத்தை: வீட்டுக்குள் கவுச்சி கூடாதே. பில்ச்சர்ட் மீன் டின்னைக் கொல்லைப்புறத்தில் வைத்துத்தான் திறக்கிறேன். தட்டு கழுவுவது இவர் வேலை.

மாமா: விரதம் எனக்கு, விருந்து அதுகளுக்கு.

பாப்பா (ஒன்டர்ஸ்டேபூர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரி): அத்தை, மீனுவுக்கு 14, சுண்டுவுக்கு 12 ஆகிறது. இந்த வயதில் 6 மாதத்துக்கு ஒரு தடவை காட்டச் சொல்கிறார்கள். நீங்கள் வருஷத்துக்கு ஒன்றையே தள்ளுகிறீர்கள்.

அப்பா: மாட்டு டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை சொல்கிறது, கேள் அக்கா.

பாப்பா: அப்பா!! எல்லா மிருகத்துக்கும்தான் படிக்கிறேன்.

அத்தை: சுண்டு முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறான். டின் சத்தம் கேட்டால் காலைச் சுற்றி வருகிறான். மீனுதான் குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள். வயசானால் அப்படித்தானே?

பாப்பா: இல்லை அத்தை, வயசு என்று விட்டுவிடக் கூடாது. அது கிட்னியாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். சுண்டு நிறையத் தின்றும் இளைக்கிறானா? மாமா அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் நிற்கட்டும். அப்புறம் மாமா எடையைக் கழித்துப் பாருங்கள்.

மாமா: அவன் 4.4 கிலோ. என் எடையை யாரும் கேட்காதீர்கள்.

அத்தை: ஊசிப் புத்தகத்தில் போன வருஷம் 5.2 என்று எழுதியிருக்கிறது.

பாப்பா: அதே கணக்கில் 60 கிலோ ஆள் 9 கிலோ இளைத்துப் போனால் தீபாவளி வரை காத்திருப்போமா?

மாமா: மதில் ஏறுவதையும் விட்டுவிட்டான். கால் வலி போல. அரைப் பனாடோ கொடுக்கட்டுமா?

பாப்பா: ஐயோ மாமா, வேண்டவே வேண்டாம்!! பனாடோ என்பது பாரசிட்டமால்தான், அது பூனைக்கு விஷம். அதன் கல்லீரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாது. ரத்தம் பழுப்பாகி மூச்சு திணறும். அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும். பூனைக்கென்று வலி மருந்து இருக்கிறது, டாக்டர் தருவார்.

மாமா: சரி சரி, டப்பாவை மூடிவிட்டேன்.

அண்ணன் (ஜோபர்க்): ரத்தப் பரிசோதனை எல்லாம் அவசியமா? டாக்டர் தொட்டுப் பார்த்தால் போதாதா? பில் எகிறுமே.

பாப்பா: பூனை நோயைக் காட்டிக்கொள்ளாது அண்ணா. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும்போது கிட்னியில் முக்கால் பங்கு வேலை நின்றிருக்கும். எஸ்டிஎம்ஏ என்ற டெஸ்ட் பெரும்பாலும் அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். கூடவே சிறுநீர், தைராய்டுக்கு டி4 என்ற ஹார்மோன் டெஸ்ட், ரத்த அழுத்தம். அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் கண் போய்விடும். விலையை முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

சித்தி: ரேபிஸ் ஊசியும் உண்டா?

பாப்பா: நாய், பூனை இரண்டுக்குமே சட்டப்படி கட்டாயம் சித்தி. நம் குவாசுலு-நட்டாலில் நாய்களிடம் ரேபிஸ் இன்னும் இருக்கிறது. புத்தகத்தை எடுத்துப் போய்த் தேதி பார்க்கச் சொல்லுங்கள்.

அத்தை: எல்லாம் சரி, கொண்டுபோவது யார்? போன தடவை வாழைப்பழ அட்டைப்பெட்டியில் போட்டோம். ஹிக்கின்சன் ஹைவேயில் மீனு அதைக் கிழித்துக்கொண்டு பிரேக்குக்கும் இவர் காலுக்கும் நடுவில் பாய்ந்தாள்.

பாப்பா: 😂 மேல்பக்கம் திறக்கிற கூண்டு இரண்டு வாங்குங்கள். இன்றே கூடத்தில் திறந்து வைத்து, உங்கள் பழைய நைட்டியை உள்ளே போடுங்கள். அதுகளே போய்ப் படுக்கும். காரில் மேலே துண்டு போட்டு மூடிவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் போங்கள். ஒன்று மட்டும் போய் வந்தால் ஆஸ்பத்திரி வாடைக்கு மற்றது சீறும்.

அப்பா: வியாழன் காலை நான் பக்கி வண்டியை எடுத்து வருகிறேன் அக்கா.

*வியாழன்*

அத்தை: போய் வந்தாயிற்று. முதலில் 10 நிமிஷம் கூண்டிலேயே விட்டு, அப்புறம் மீனுவின் முன்னங்காலில் சின்னப் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தார்கள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப.

பாப்பா: பயத்தில் ஏறிக் காட்டும், அதனால்தான்.

அத்தை: அவள் நகம் ஒன்று வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தியிருந்தது. டாக்டர் கால் விரலைப் பிதுக்கிக் காட்டினார். தினமும் மடியில் வைத்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

சித்தி: பாவம்.

பாப்பா: வயசான பூனைக்கு நகம் சரியாகத் தேயாது. இனி மாதம் ஒரு தடவை பாருங்கள் அத்தை.

*சனி*

அத்தை: ரிசல்ட் வந்தது. சுண்டுவுக்குத் தைராய்டு, காலை மாலை மாத்திரை. மீனுவுக்குக் கிட்னி, ஆரம்ப நிலைதானாம். தனிச் சாப்பாடு.

பாப்பா: ஆரம்பத்திலேயே பிடித்தது நல்லது. தைராய்டு அடங்கினால் மறைந்திருந்த கிட்னிக் கோளாறு வெளியே தெரியலாம், அதனால் சுண்டுவுக்குச் சில வாரத்தில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். விட்டுவிடாதீர்கள்.

மாமா: மீனு அந்தச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விட்டாள். சுண்டு வந்து அதையும் தின்றுவிட்டான்.

பாப்பா: இரண்டுக்கும் வேறு வேறு அறையில் வையுங்கள் மாமா. மீனுவுக்குப் பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள், பூனைக்குக் கல்லீரல் கெட்டுவிடும்.

அத்தை: சரி. சாயங்காலம் 6 மணிக்குச் சுண்டு மாத்திரை. இவர் பிடிக்க வேண்டும், நான் போட வேண்டும். அந்த நேரத்தில் யாரும் போன் பண்ணாதீர்கள்.