சைட்டேஷனுக்கு 'மேற்கோள்' போதுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஓர் ஆய்வுக் கட்டுரை இன்னொன்றைக் குறிப்பிடுவதைச் சைட்டேஷன் என்கிறோமே, அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறேன்.

எங்கள் பேராசிரியர் ஒருவரின் பணி நிறைவு மலருக்கு அவருடைய ஆய்வுகளைப் பற்றி நான்கு பக்கம் கேட்டிருக்கிறார்கள். கணிதத்தில் தொடங்கி, புள்ளியியல் வழியாக மருத்துவ ஆய்வு வரை போனவர். 'மருத்துவத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்' என்று எழுதியதைத் தட்டச்சு செய்தவர், "சார் சொன்ன பொன்மொழியெல்லாம் பின்னாடி வருதா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. மேற்கோள் என்றால் சொன்ன சொல் அப்படியே வர வேண்டும் என்றுதான் நமக்குப் பழக்கம். சைட்டேஷனில் ஒரு சொல்கூட வர வேண்டாம், 'அந்தக் கட்டுரையைப் பார்' என்று கை காட்டினால் போதும்.

அதனால் 'சுட்டுகை' என்கிறேன். சுட்டினார், சுட்டப்பட்டவர், சுட்டுகை எண்ணிக்கை என்று எப்படியும் வளையும். திண்டுக்கல் அண்ணன் சொன்ன 'எடுத்தாட்சி' அழகான சொல்தான், ஆனால் எடுத்தாள்வது என்றால் ஏற்றுப் பயன்படுத்துவது என்று ஆகிவிடுகிறது. மறுக்கிறவரும் சுட்டத்தானே வேண்டும்? நம் மதுரைக்காரர் நச்சினார்க்கினியர் தம் தொல்காப்பிய உரையில், முந்தைய உரைகாரர் சேனாவரையரை இழுத்து வைத்து மறுக்கிறாரே, அதெல்லாம் எடுத்தாட்சியா? ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தந்து சுட்டுகைகளை எண்ணும் கூகுள் ஸ்காலருக்குப் பாராட்டும் மறுப்பும் ஒன்றுதான், இரண்டுக்கும் எண்ணிக்கையில் ஒன்று கூடும். (திருக்குறள் உரையில் பரிமேலழகர் பெயர் சொல்லாமல் எழுதும் 'என்றார் பிறரும்' யார் கணக்கில் வரவாகும் என்று யோசித்து நேற்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.)

சுட்டுகைகளை வைத்து ஓர் ஆய்வாளரை அளக்கும் ஹெச் இண்டெக்ஸை 'ஹெச் எண்' என்றே விடலாம். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது சுட்டப்பட்டு, பதினொன்றுக்குப் பதினொன்று தேறவில்லை என்றால் எண் 10. இண்டெக்ஸுக்குச் 'சுட்டெண்' போட்டால் 'சுட்டுகைச் சுட்டெண்' என்று நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

உண்மையான சிக்கல் வேறு. கணிதக் கட்டுரையின் அடியில் சுட்டும் கட்டுரைகளின் பட்டியல் சிறியது, அதையும் சாவகாசமாகத்தான் படிப்பார்கள். மருத்துவத்தில் ஆட்களும் அதிகம், பட்டியலும் நீளம், வேகமும் அதிகம். விளைவு, பேராசிரியர் ஆண்டுக்கணக்கில் உழைத்த தேற்றம் சுட்டுகை எண்ணிக்கையில் அடியில் கிடக்கிறது, ஒரு மருத்துவக் குழுவுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த கட்டுரை உச்சியில் நிற்கிறது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருந்தபோது நெல்லை எப்படி ஒப்பிட்டிருப்பார்கள்? அப்படித் துறையின் சராசரியோடு வகுத்துப் பார்க்கும் கணக்கும் இருக்கிறது. அதற்குத்தான் சொல் இல்லை. 'துறைச்சீர் சுட்டுகை' என்று எழுதி அடித்துவிட்டேன், ரயில்வே கால அட்டவணை மாதிரி இருந்தது.

—

தம்பி, எடுத்தாட்சியை விட்டுக்கொடுத்தேன், மறுப்பு விஷயம் சரிதான். ஆனால் நம்ம பக்கம் 'அவர் கட்டுரையைச் சுட்டுட்டாங்க' என்றால் என்ன அர்த்தம் என்று மலர்க்குழுவிடம் கேட்டீர்களா? அப்புறம், மரக்கால் என்று நீங்களே சொல்லிவிட்டு ஏன் தேடுகிறீர்கள்? 'துறையளவுச் சுட்டுகை' என்று போடுங்கள்.

—

அண்ணே, 'சுட்டார்' என்றால் திருட்டு, 'சுட்டினார்' என்றால் சைட்டேஷன். பிழை திருத்துபவரிடம் அந்த 'னா'வை மட்டும் தொடாதீர்கள் என்று தனியாகச் சொல்லி வைக்கிறேன். 'துறையளவு' எடுத்துக்கொண்டேன். ஆய்வின் இம்பேக்டுக்குத் 'தாக்கம்' வேண்டாம், சித்திரை வெயில்தான் நினைவுக்கு வருகிறது. 'வீச்சு' போடலாமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.