புதுப்பிப்பு: 47 விழுக்காட்டில் நின்ற சைட்லோட்

கைப்பேசியில் லினியேஜ்ஓஎஸ் (ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம்) ரிக்கவரி எனும் மீட்புத் திரை வழியாக ரோம் (இயங்குதளக் கோப்பு) ஏற்றும்போது 47 விழுக்காட்டிலேயே நிற்கிறது என்று போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். அது பிழையே இல்லை. கணினியில் ஏடிபி சைட்லோட் (கேபிள் வழியாகக் கைப்பேசிக்குக் கோப்பை அனுப்பும் கட்டளை) சில நேரம் 47 காட்டி முடிவது உண்டு. கைப்பேசித் திரை சொல்வதைத்தான் நம்ப வேண்டும். பதறிப்போய்க் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

உண்மையான தவறு அடுத்த படியில். ஏ/பி ஸ்லாட் (இயங்குதளத்துக்கு இரண்டு தனி இடங்கள்) உள்ள கைப்பேசியில் ரோம் மற்ற ஸ்லாட்டில்தான் எழுதப்படும். அதனால் ரோம் முடிந்ததும் ரிக்கவரிக்கே ஒருமுறை ரீபூட் செய்துவிட்டு, பிறகுதான் கூகிள் செயலித் தொகுப்பை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அது பழைய ஸ்லாட்டில் போய் உட்காரும். முதல் பூட்டுக்கு முன்பே இதை முடியுங்கள். தவறினால் ஃபேக்டரி ரீசெட் செய்து தொடங்க வேண்டியதுதான்.

கூகிள் தொகுப்புக்குக் கையொப்பச் சரிபார்ப்பு தோல்வி என்று வந்தால் 'யெஸ்' கொடுக்கலாம், அதில் கையொப்பமிட்ட சாவி வேறு. அதிகாரப்பூர்வ ரோமுக்கே அப்படி வந்தால் நிறுத்துங்கள்: கோப்பு சிதைந்திருக்கலாம், அதன் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் சரிபார்ப்பு எண்) பதிவிறக்கப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கேபிள் வாங்குவோர் டேட்டா போகுமா என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் கணினிக்குக் கைப்பேசியே தெரியாது.