சேர்ஃப் ஜீப்புக்கு டொல்பின் வேன் இஞ்சின் போடலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்

படுவான்கரை ஜீப்
என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் சேர்ஃப், எல்என்130, மனுவல் கியர், 2எல்-டிஈ டேர்போ இஞ்சின். போன மாதம் பதுளைக்குப் போகும்போது பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் ஹீட் ஏறி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, வெடித்திருக்கிறது. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒருவரிடம் அடிபட்ட டொல்பின் வேன் (டொயோட்டா ஹையேஸ்) ஒன்று, எல்எச்113, முழுசாகக் கிடக்கிறது. வேனின் பொடி (வெளிக்கூடு) போய்விட்டது, 3எல் இஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. வேனோடு எடுத்து இஞ்சினை மாற்றுவதா, இல்லை ஹெட் தேடிப்போட்டு இதையே ஓட்டுவதா? வெல்லாவெளி வயலுக்கு உரம், நெல் ஏற்றுவதுதான் இதன் வேலை. இன்றைய விலையில் வேறு ஜீப் வாங்க என்னால் முடியாது.

வாகரை டீசல்
தம்பி, தாராளமாகப் போடலாம், நான் போட்டு ஓடுகிறேன். 2எல், 3எல், 5எல் எல்லாம் ஒரே குடும்பம், இஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் போல்ட் ஒன்றுதான், ஆகவே உங்கள் கியர் பொக்ஸும் ஃபோர் வீலும் அப்படியே இருக்கும். 2446 சிசி போய் 2779 சிசி வரும். ஆனால் வேன் இஞ்சினை அப்படியே தூக்கி வைத்தால் உட்காராது, உங்கள் ஜீப்பில் முன் டிஃப்பு (முன் சில்லுகளைச் சுற்றும் டிஃபரென்ஷியல்) இஞ்சினுக்குக் கீழே கிடக்கிறது. அதனால் பழைய இஞ்சினின் ஓயில் சம்ப் (அடியில் ஓயில் நிற்கும் தட்டு), உள்ளே இருக்கும் ஓயில் உறிஞ்சும் குழாய், மவுண்ட் பிராக்கெட் மூன்றையும் கழற்றி 3எல்லில் மாற்றுங்கள். இதைத் தெரியாமல் எனக்கு முதலில் செய்த மெக்கானிக் பாஸ் சம்பை வெட்டி வெல்டிங் அடித்தார், ஓயில் கசிந்து இரண்டாம் முறை இஞ்சின் இறக்க வேண்டி வந்தது.

வயரிங் பயப்படும் அளவுக்கு இல்லை. 3எல் பம்ப் மெக்கானிக்கல், கொம்பியூட்டர் பெட்டி தேவையில்லை, சாவி போட்டதும் பம்பின் சொலினொய்டுக்குக் கரண்ட் வந்தால் போதும். குளிர்ந்த இஞ்சின் ஸ்டார்ட் ஆக சூடாக்கும் க்ளோ பிளக்கை மட்டும் கவனியுங்கள். எல்லாம் ஒரே வோல்டேஜ் இல்லை, மாறிப் போட்டால் எரிந்துவிடும். வேனுடைய பிளக்கையும் ரிலேயையும் சேர்த்தே எடுங்கள். அல்டர்னேட்டரும் வேனுடையதே இருக்கட்டும், அதன் பின்னால் இருக்கும் வக்குவம் பம்ப்தான் பிரேக்குக்கு உதவி, அது இல்லாமல் பெடல் கல்லு மாதிரி இருக்கும்.

டேர்போ இல்லாததால் ஏற்றத்தில் சோர்வு தெரியும். வயல் வேலைக்குக் குறையில்லை.

அக்கரைப்பற்று நானி
வாகரைக் காக்கா சொன்னது சரி, ஆனால் காசு கொடுக்க முதல் கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) மீற்றர் வைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகிறது என்பது ஒன்றுக்கும் உதவாது. இந்த இஞ்சினுக்குப் புதிதில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ, 20க்குக் கீழே இறங்கியிருந்தால் வேண்டாம், சிலிண்டர்களுக்கு இடையே 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் வேண்டாம். காலையில் குளிர்ந்த இஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள், முதலே சூடாக்கி வைத்திருந்தால் அடுத்த நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஓயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா பாருங்கள். இஞ்சினை ஏற்ற முதல் டைமிங் பெல்ட் புதிது போடுங்கள், ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தக் கணக்கை இந்த வேனில் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து புது ஹெட் தேட வேண்டும்.

வாகனப் பதிவுப் புத்தகத்தை மறக்க வேண்டாம். இஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தத்தான் வேண்டும். வேனின் புத்தகமும் விற்பவரின் கையொப்பமிட்ட கடிதமும் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். என் மாமாவின் லொறி இந்தக் காரணத்தால் விற்க முடியாமல் நிற்கிறது.

கல்லடி ஓரம்
நான் வேறு பக்கம், இஞ்சின் மாற்ற முதல் ஹீட் ஏறிய காரணத்தைப் பாருங்கள். 2எல் டேர்போ ஹெட் வெடிப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் ஹீட் ஏறாமல் வெடிக்காது. ரேடியேற்றரை வெட்டிப் பார்த்தீர்களா? நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிந்து குழாய் அடைத்துவிடும். அதே ரேடியேற்றரோடு 3எல் போட்டாலும் அதே ஏற்றத்தில் அதே கதைதான். கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளில் ஹெட் விசாரித்து இரண்டு செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேசிஸையும் (ஜீப்பின் அடிச்சட்டம்) தட்டிப் பாருங்கள், உப்புக் காற்றில் துரு தின்ற சேசிஸுக்கு எந்த இஞ்சினும் வீண்.

படுவான்கரை ஜீப்
எல்லோருக்கும் நன்றி. ரேடியேற்றரைக் கழற்றினேன், கீழ்ப் பாதி முழுக்க அடைப்பு, கல்லடி அண்ணன் சொன்ன அதே வெள்ளைப் படிவு. நானும் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றி வந்தேன். சேசிஸ் நல்லாக இருக்கிறது. ஞாயிறு விடிய கொம்ப்ரெஷன் மீற்றரோடு களுவாஞ்சிகுடி போகிறேன், நான்கு சிலிண்டரும் சரியாக இருந்தால் வேனை எடுப்பேன், இல்லாவிட்டால் ஹெட்தான். வாகரை அண்ணா, சம்ப் மாற்றும்போது உறிஞ்சும் குழாய்க்கு கேஸ்கட் புதிது தேவையா?

வாகரை டீசல்
கட்டாயம் புதிது. அதில் காற்று இழுத்தால் ஓயில் பிரஷர் வராது.