அமாவாசைக்கு மாறும் வகுப்பு

ஓய்வுபெற்ற ஆசிரியர், கீழக்கரை:

கல்வி மானிய விண்ணப்பங்களை மதிப்பிட ஒரு வருஷம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் மூன்று பேர் படிக்க வேண்டும், நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும், பிறகு சராசரி. ஏர்வாடிக் கடற்கரைப் பக்கமிருந்து வந்த ஒன்றுக்கு நான் 82, இன்னொருவர் 78, மூன்றாமவர் 43. அந்த ஒரு 43-ல் விண்ணப்பம் பட்டியலை விட்டே போய்விட்டது.

43 போட்டவர் ஏனோதானோவென்று படித்தவர் இல்லை. நகரத்துக் கல்லூரிப் பேராசிரியர், வரிவரியாக அடிக்கோடு போட்டிருந்தார். சனி, ஞாயிறு காலை வகுப்பு, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வந்தால் மாலைக்கு மாறும் என்று விண்ணப்பத்தில் இருந்தது. 'கால அட்டவணையில் ஒழுங்கில்லை' என்று எழுதிக் குறைத்திருந்தார். அந்த நாட்களில்தான் கடல் நன்றாக வற்றும். அம்மாக்கள் விடியற்காலையிலேயே கடல்பாசி எடுக்கப் போய்விடுவார்கள், தம்பி தங்கையை மூத்த பெண்பிள்ளைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் விண்ணப்பித்தவர்கள் காரணம் எழுதவில்லை. அவருக்கோ அது தெரிய வழியில்லை.

விளக்கிச் சொன்னதும் வருத்தப்பட்டார். ஆனால் மதிப்பெண் பதிவாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு மலைக்கிராமத்துப் பள்ளி ஜீப் வாடகைக்குக் கேட்ட தொகையை ஆடம்பரம் என்று நான் வெட்டியிருந்தேன். எனக்கு அந்த மலை தெரியாது.

ஊர்ப் பெயரை மறைத்துக் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். பாசியும் வலையும் வந்த இடத்தில் எந்தக் கரை என்று எனக்குத் தெரிந்துவிடுமே? மூன்று பேரும் முதலில் ஏதாவது ஒரே விண்ணப்பத்துக்கு மாதிரியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இருபதுக்கு மேல் வித்தியாசம் வந்தால், பதிவாகும் முன் உட்கார்ந்து பேசட்டும்.

ஆசிரியை, பாம்பன்:

ஐயா, நாங்கள் விண்ணப்பித்த பக்கம் நின்றவர்கள். முதல் வருஷம் 'தேர்வாகவில்லை' என்று ஒற்றை வரிதான் வந்தது. ராமநாதபுரம் 2018-ல் மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் சேர்ந்தது என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தோம். இங்கே எல்லாரும் எழுதுவது அதுதான். பெற்றோர் கூட்டத்தை ஏன் மே மாதத்தில் வைத்தோம் என்று மட்டும் எழுதவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்போதுதான் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். மறுவருஷம் இந்த ஒரு வரியைச் சேர்த்தோம். வேறெதையும் தொடவில்லை. தேர்வானது.

மதிப்பிட்டவர்கள் எழுதிய குறிப்பை எங்கள் கையிலும் கொடுக்கச் சொல்லுங்கள் ஐயா. நடுவில் போன அந்த ஒரு வருஷத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.